குளிர்நகரும் சூரியனும்: வீட்டு வெப்பத்தின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1

சூரியசக்தியின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஓர் ஆய்வுகூடம், ஓர் அறிஞர், ஒரு கருவி, அதனினும் திறன்மிக்க மற்றொரு கருவி என அது படிப்படியாக மேற்செல்லும். அக்கருவி யாருடைய கூரையில் ஏறிற்று, யாருடைய கூரையில் ஏறவில்லை, ஏறியது பின்னர் ஏன் இறக்கப்பட்டது என்னும் வினாக்கள் அவ்வரலாற்றின் அடிக்குறிப்புகளிற்கூட இடம்பெறுவது அரிது. இவ்வினாக்களை முன்வைத்தே நாம் இங்குக் குளிர்நகரொன்றின் வீடுகளை நோக்க முற்படுகின்றோம். வெப்பநாடுகளிற் சூரியன் மிகுதி. ஆங்கு அதனைப் பயன்படுத்தாமை வெறும் கவனயீனமாகத் தோன்றக்கூடும். நீர் உறையும் குளிரில் ஆறு மாதம் வாழவேண்டிய நகரிலோ வெப்பம் உயிர்த்தேவை. உணவும் உறையுளும் போல அதுவும் விலைக்கு வாங்கப்படும் பண்டமாகிவிட்ட இடத்தில், அப்பண்டத்தைச் சூழ்ந்த சமூக உறவுகள் ஒளிவுமறைவின்றி வெளிப்படுகின்றன.

இலக்கிய மாணவராகிய எமக்கு இதில் என்ன அலுவல் என்று கேட்கப்படலாம். எஸ்கிலசின் பெயரால் வழங்கும் ‘பிணிக்கப்பட்ட புரொமீதியஸ்’ நாடகத்தை மார்க்சியர் அறிவர். தமது கலாநிதிப் பட்ட ஆய்வின் முன்னுரையில் மெய்யியலின் தியாகிகளுள் முதல்வனாக மார்க்ஸ் போற்றியது அந்நாடகத்தின் நாயகனையே. அவன் மனிதருக்குத் தீயைத் திருடிக் கொடுத்தமையை யாவரும் நினைவுகூர்வர். ஆயின், தான் அறிவு புகட்டுமுன் மனிதர் எறும்புகளைப்போல ஒளியற்ற குகைகளில் வாழ்ந்தனர் என்றும், சூரியனை நோக்கிய வீடுகளை அமைக்க அறியாதிருந்தனர் என்றும் அவன் கூறும் பகுதி அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. வெயிலுக்கு முகங்கொடுத்த வீடே நாகரிகத்தின் அடையாளம் என்பது கிரேக்கரின் துணிபு. சோக்கிரதீசின் கூற்றாகச் செனபன் எழுதிவைத்த குறிப்பும் இதனையே சொல்கின்றது: தெற்கு நோக்கிய வீட்டினுள் குளிர்காலத்தின் தாழ்ந்த வெயில் புகும், கோடையில் சூரியன் உச்சியிற் செல்வதால் நிழல் கிடைக்கும். அகழ்ந்தெடுக்கப்பட்ட ஒலிந்தஸ் நகரின் தெருவமைப்பு இது வெறும் ஏட்டுரையன்று என்பதைக் காட்டிற்று. உரோமர் காலத்தில் வெயிலறைக்கு வரும் ஒளியை அயலான் மறைத்தல் ஆகாது எனச் சட்டவறிஞர் உல்பியன் கருத்துரைத்துள்ளார். அத்தகைய வெயிலறை அடிமைகளின் உறைவிடத்தில் இருந்ததில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இவ்விடத்து மற்றொரு செய்தியும் மனங்கொள்ளத்தக்கது. உக்கிரேனிய மருத்துவரும் சோசலிசவாதியுமான சேர்ஜி பொடொலின்ஸ்கி, மனித உழைப்பு என்பது சூரியனிடமிருந்து பூமிக்கு வரும் சக்தியை இங்கே சேமித்துவைக்கும் செயல் என்னும் கருத்தை 1880ஐ அடுத்த ஆண்டுகளில் கட்டுரைகளாக வெளியிட்டார். அதுபற்றி 1882 டிசெம்பரில் மார்க்சுக்கு எழுதிய கடிதங்களில், அக்கருத்தின் பெறுமதியை ஏற்றுக்கொண்ட ஏங்கெல்ஸ், அதிலிருந்து பொருளியல் முடிவுகளுக்கு நேரே தாவியமையை மறுத்தார். அவரது மறுப்பின் ஒரு பகுதி எமக்கு முக்கியமானது. உழைக்கும் மனிதன் இன்றைய சூரிய வெப்பத்தைச் சேமிப்பவன் மாத்திரமல்லன். நிலக்கரியாக நிலத்தடியிற் கிடக்கும் பண்டைய சூரிய வெப்பத்தைப் பெருமளவில் விரயஞ்செய்பவனும் அவனே என்பது அது. மார்க்சியம் இயற்கையைக் கணக்கிலெடுக்கத் தவறியது எனக் கூறுவோர் இக்கடிதங்களைப் படித்தல் நன்று. அதேவேளை, இக்குறிப்பு மார்க்சியர்களாலேயே நீண்டகாலம் தொடரப்படாது விடப்பட்டது என்பதையும் நாம் ஒளிக்க வேண்டியதில்லை.

2

நாம் தெரிந்துகொண்ட நகரம் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத் தலைநகரான ரெஜைனா. 50 பாகை வட அகலக்கோட்டுக்குச் சற்று மேலே, மரங்கள் அருகிய புல்வெளிச் சமநிலத்தில் அது அமைந்துள்ளது. சனவரி மாதச் சராசரி வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழே 15 பாகை அளவில் இருக்கும்; கீழே 40 பாகையைத் தொடும் இரவுகளும் உண்டு. டிசெம்பர் 21ஆம் திகதியளவில் பகல் எட்டு மணி நேரமே. அன்று நண்பகலிலும் சூரியன் தொடுவானத்திலிருந்து 16 பாகை உயரத்துக்கு மேல் எழுவதில்லை.

இந்நகரின் பிறப்பே வெப்பத்தின் வரலாற்றோடு பிணைந்தது. கிறீ மக்கள் இவ்விடத்துக்கு வழங்கிய பெயர், எருமை எலும்புகள் குவிக்கப்பட்ட இடம் எனப் பொருள்படும். அவ்வெருமை அவர்களுக்கு உணவு. அதன் தோல் ஆடையும் கூடாரமும். சுருங்கச் சொல்லின், குளிருக்கெதிரான அவர்களது முழுக் காப்பும் அதுவே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோல் வணிகத்தின் பொருட்டு அவ்விலங்குக் கூட்டங்கள் அழிக்கப்பட்டன. 1874இல் நான்காம் உடன்படிக்கை எழுதப்பட்டது. 1882இல் கனடிய பசிபிக் இரயில்பாதை வந்து சேர்ந்ததும் எலும்புக் குவியலின் பெயர் நீங்கி, விக்ரோறியா மகாராணியைக் குறிக்கும் இலத்தீன் சொல் நகரின் பெயராயிற்று. மூன்றாண்டுகளின் பின், 1885 நவம்பரில், மெற்றி மக்களின் தலைவரான லூயி றியெல் இந்நகரிலேயே தூக்கிலிடப்பட்டார். இரயில்பாதையோடு நிலக்கரி வந்தது. மக்களிடமிருந்து பறிக்கப்பட்ட வெப்பம் விலைப்பண்டமாகத் திரும்பி வந்தது எனலாம்.

குளிர்நகரிற் சூரியனால் யாது பயன் என்னும் வழக்கமான ஐயத்தை இங்கேயே எதிர்கொள்வது தகும். குளிரும் இருளும் ஒன்றென மயங்குவதே இவ்வையத்தின் வேர். ரெஜைனாவின் குளிர் வறண்டது. கடலுக்கு வெகுதொலைவில் உள்ளமையால் வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். ஆண்டொன்றுக்கு 2,300 மணித்தியாலம் அளவுக்கு அங்கே வெயில் எறிக்கின்றது. தென்முகமாகச் சாய்த்துவைத்த ஒரு கிலோவாற்றுச் சூரிய மின்தகடு அங்கு ஆண்டுக்கு 1,300 கிலோவாற்று மணிக்கும் மேலான மின்சாரத்தைத் தரவல்லது எனக் கனடிய அரசின் கணிப்புகள் காட்டுகின்றன. பெர்லினுக்கு அதே முறையிற் கணித்த அளவு 850ஐ ஒட்டியது. உலகிற் சூரிய மின்தகடுகளைப் பெருந்தொகையாகக் கூரைகளில் ஏற்றிய நாடுகளுள் ஜேர்மனி முன்னணியில் நின்றது என்பதை இதனோடு சேர்த்துப் பார்த்தல் வேண்டும். மேலும், சிலிக்கன் மின்கலத்துக்கு வேண்டியது ஒளியேயன்றி வெப்பமன்று. கலத்தின் வெப்பநிலை ஒரு பாகை ஏறுந்தோறும் அதன் வெளியீடு ஏறத்தாழ 0.4 வீதம் குறையும். எனவே குளிர் அதற்குப் பகையன்று, துணையே. பனி மூடிய நிலம் ஒளியைத் தெறித்துச் செங்குத்தாக நிறுத்திய தகடுகளுக்கு மேலும் ஒளி கொடுக்கும். கூரையில் உறையும் பனி சில கிழமைகளின் வெளியீட்டைத் தின்றுவிடும் என்பது மெய்யே. ஆயினும் அக்கிழமைகள் எப்படியும் ஒளி குறைந்தவை.

உண்மையான இடர் வேறு. வெப்பம் மிகுதியாக வேண்டிய காலத்திற் சூரியன் குறைவு; மிகுதியாகக் கிடைக்கும் காலத்தில் வெப்பம் வேண்டியதில்லை. யூன் மாதத்து வெயிலைச் சனவரிக்கு எவ்வாறு கொண்டுசெல்வது? குளிர்நகர்களிற் சூரிய வீட்டின் வரலாறு முழுவதும் இந்த ஒரு வினாவைச் சுற்றியே நடந்துள்ளது. இதற்கு இரு வகையான விடைகள் தேடப்பட்டன. வெப்பத்தைச் சேமித்தல் ஒன்று. வெப்பத்தை இழக்காதிருத்தல் மற்றொன்று. பின்னையது எளியது, மலிவானது, பகட்டற்றது. அதனாலேயே அது பிந்தி வந்தது என நாம் கருதுகின்றோம்.

3

முதல் விடையின் களம் பொஸ்ரன் நகரத்தின் அயல். கரிப்பொடி, எரிவாயுத் தொழில்களாற் செல்வந்தரான கொட்பிறி லொவல் கபொட் 1938இல் வழங்கிய நிதியைக் கொண்டு மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனம் சூரியசக்தி ஆய்வைத் தொடங்கிற்று. எரிபொருள் முதலாளி ஒருவரின் கொடையாற் சூரிய ஆய்வு தோன்றியமை முரண்நகையாகத் தோன்றலாம். ஆயினும் முதலாளித்துவம் தன் எதிர்காலத்தையும் முதலீட்டுப் பொருளாகவே நோக்கும் என்பதை அறிந்தோர்க்கு அதில் வியப்பில்லை. ஹொயிற் ஹொற்றல் என்னும் பொறியியலாளரின் தலைமையில் 1939இல் எழுந்த முதல் வீடு, கோடைவெப்பத்தைக் குளிர்காலம்வரை காத்துவைக்க நிலத்தடியில் மிகப்பெரிய நீர்த்தொட்டியொன்றைக் கொண்டிருந்தது. பௌதிகவியலைப் பொறுத்தவரை அது வெற்றி. செலவைப் பொறுத்தவரை நிலக்கரியோடும் எண்ணெயோடும் போட்டியிட அதனால் இயலாது என்பதே ஹொற்றலின் முடிவு. அம்முடிவின் கணக்கில் பிழையில்லை. ஆயின், எரிபொருளின் சந்தைவிலையே இறுதி அளவுகோல் என்பதும் அக்கணக்கினுள் எழுதப்படாத எடுகோளாக இருந்தது.

இதே நிறுவனத்திற் பணியாற்றிய ஹங்கேரி நாட்டவரான மரியா தெல்கெஸ் (1900-1995) வேறொரு வழி கண்டார். நீருக்குப் பதிலாகக் குளோபர் உப்பைப் பயன்படுத்துவது அவர் திட்டம். நீர்கொண்ட சோடியம் சல்பேற்றாகிய அது 32 பாகையளவில் உருகும். உருகும்போது உள்வாங்கிய வெப்பத்தை உறையும்போது வெளிவிடும். எனவே ஒரே அளவு வெப்பத்துக்கு நீரிலும் மிகக் குறைந்த இடமே அதற்குப் போதும். 1948இன் இறுதியில் பொஸ்ரனுக்கு அண்மையிலுள்ள டோவரில் இவ்வீடு எழுந்தது. கட்டடக் கலைஞர் எலினோர் றேமண்ட். பணம் கொடுத்தவர் சிற்பி அமீலியா பீபொடி. மூவரும் பெண்கள். வெப்பப் பொறியியல் ஆண்களின் தனியுரிமையாயிருந்த காலத்தில், இல்லத்தைக் காலமெல்லாம் வெப்பமாக வைத்திருக்கும் உழைப்பை வரலாறு முழுவதும் செய்துவந்த பாலினரே அதன் அறிவியலையும் கையிலெடுத்தமை தற்செயலன்று.

முதலிரு குளிர்காலங்களும் ஒருவாறு நன்கே கழிந்தன. பின்னர் உப்பு படைபடையாகப் பிரிந்தது. மீண்டும் மீண்டும் உருகி உறையும் ஆற்றலை இழந்தது. கொள்கலன்கள் அரிக்கப்பட்டு ஒழுகின. 1954அளவில் அவ்வமைப்பு அகற்றப்பட்டு எண்ணெய் அடுப்பு வைக்கப்பட்டது. தெல்கெசும் 1953இல் அந்நிறுவனத்தை விட்டு நீங்கினார். எண்ணெய்க் கம்பனிகளின் சதியாலேயே சூரிய வீடு தோற்றது என எழுதுவோர் எம் முகாமிலும் உளர். டோவரைப் பொறுத்தவரை அது பொருந்தாது. உப்பு பழுதடைந்தது. அவ்வளவே. எந்தத் தொழினுட்பமும் முதல் முயற்சியிற் பழுதுறும். பழுதுற்ற பின்னர் அதனைச் சீர்செய்யப் பணமும் காலமும் யாருக்குக் கிடைத்தன, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதே வரலாற்று மாணவர் கேட்கவேண்டிய கேள்வி. ட்றூமன் அமைத்த மூலவளக் குழு, 1975அளவில் ஐக்கிய அமெரிக்காவில் 13 மில்லியன் சூரிய வெப்ப வீடுகளுக்கு இடமிருக்கும் என 1952இல் கணித்தது. அடுத்த ஆண்டு டிசெம்பரில் ஐசனோவர் ‘சமாதானத்துக்கான அணு’ உரையை நிகழ்த்தினார். அரசின் பெருநிதி எத்திசையிற் பாய்ந்தது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. 1954இல் பெல் ஆய்வுகூடத்தில் ஒளியின் 6 வீதத்தை மின்னாக்கும் சிலிக்கன் மின்கலம் பிறந்தபோது, அதற்குக் கிடைத்த முதற் பெரும் வாடிக்கையாளர் வீடுகளல்ல. விண்ணிற் சுழலும் செய்மதிகளே.

4

மீண்டும் ரெஜைனாவுக்கு வருவோம். இந்நகரின் அரசியல் மரபு வட அமெரிக்காவில் தனித்தன்மை வாய்ந்தது. பொருளாதாரத்தைச் சமூக உடைமையாக்கக் கோரிய கூட்டுறவுப் பொதுநலவாயச் சம்மேளனத்தின் அறிக்கை 1933இல் இங்கேதான் நிறைவேற்றப்பட்டு, ரெஜைனா அறிக்கை என்னும் பெயரையும் பெற்றது. வேலையற்றோர் ஒற்றாவா நோக்கிச் சென்ற பயணம் 1935 யூலை முதலாந் திகதி இங்கேதான் பொலிசாரால் முறியடிக்கப்பட்டது. 1944இல் ரொமி டக்ளஸ் தலைமையில் அக்கட்சி மாகாண ஆட்சியைக் கைப்பற்றியது. 1949இல் மாகாண மின்சார ஆணைக்குழு அரசுக் கூட்டுத்தாபனமாக்கப்பட்டு, கிராமிய மின்மயமாக்கற் சட்டமும் வந்தது. இலாபம் இன்மையால் தனியார் எட்டிப்பாராத பண்ணைகளுக்கு மின்கம்பிகள் சென்றன. 1950களின் முடிவிற் பெரும்பாலான பண்ணைகள் ஒளிபெற்றன.

அதே கூட்டுத்தாபனமே நகரங்களுக்கு இயற்கை வாயுவையும் கொண்டுவந்தது. நிலக்கரி அள்ளும் வேலை நீங்கிற்று. வீடு சீராகச் சூடாயிற்று. தொழிலாளர் குடும்பங்களுக்கு இது மெய்யான விடுதலை. அதனை இன்றைய சூழலியற் கண்கொண்டு எள்ளுதல் வரலாற்றுணர்வின்மையாகும். ஆயின் மலிவான வாயு வீட்டின் சுவரை மெலியவிட்டது. வெப்பம் சுவரினூடு ஒழுகினாலும் அடுப்பு ஈடுசெய்யும் என்பது கட்டடத் தொழிலின் பொதுவிதியாயிற்று. வீட்டைக் கட்டி விற்பவர் எரிபொருட் செலவைத் தாங்குவதில்லை. வாங்குபவர் சுவரினுள் இருப்பதைக் காண்பதில்லை. பண்டத்தின் பயன்பெறுமதியும் மாற்றுப்பெறுமதியும் தம்முள் முரண்படுவதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டைக் காண்டல் அரிது.

1973இன் எண்ணெய் நெருக்கடி இவ்விதியைக் குலைத்தது. அலன் பிளேக்கினியின் புதிய சனநாயகக் கட்சி அரசு, பொட்டாசுச் சுரங்கங்களை அரசுடைமையாக்கும் துணிவு கொண்டிருந்த காலம் அது. சஸ்காச்சுவானுக்கு ஏற்ற ‘சூரிய வீடு’ ஒன்றை அமைக்குமாறு மாகாண ஆய்வு மன்றம் பணிக்கப்பட்டது. ஹரல்ட் ஓர் முதலிய பொறியியலாளர் அப்பணியை ஏற்றுக் கணக்கிட்டபோது கண்டது இது: அந்த அகலக்கோட்டில், அந்தக் குளிரில், வழக்கமான வீடொன்றைச் சூரியனாற் சூடாக்க முயல்வது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பது போன்றதாகும். முதலில் ஓட்டையை அடைத்தல் வேண்டும். 1977இற் கட்டிமுடிக்கப்பட்ட அவ்வீட்டின் சுவர்கள் ஏறத்தாழ 30 சதமீற்றர் தடிப்புள்ளவை. கூரைக் காப்பு அதனினும் தடித்தது. பொலித்தீன் உறையால் வீடு முழுவதும் காற்றுப்புகாதவாறு மூடப்பட்டது. யன்னல்கள் பெரும்பாலும் தெற்கு நோக்கின. இரவில் அவற்றை மூடக் காப்பிட்ட கதவுகள் இருந்தன. உள்ளே இருப்போர் மூச்சுமுட்டாதிருக்க, வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்வரும் காற்றுக்கு மாற்றிக்கொடுக்கும் கருவி பொருத்தப்பட்டது. இவ்வளவும் செய்தபின் கடுங்குளிரிலும் அவ்வீட்டுக்கு வேண்டிய வெப்பம் சில கிலோவாற்றுகளே. சில மின்சார அடுப்புத் தட்டுகள் தரும் அளவு! வீட்டில் வழக்கமான வெப்ப அடுப்பே இல்லை.

அரசு கேட்டது சூரிய வீடாதலால் வெற்றிடக் குழாய்களாலான வெப்பச் சேகரிப்பான்களும், 12,700 லீற்றர் நீர்த்தொட்டியும் அமைக்கப்பட்டன. அவை இயங்கின, ஆனால் விலை பெரிது, பராமரிப்புத் தொல்லை அதனினும் பெரிது. சுவர் ஏற்கனவே வெப்பத்தைக் காத்துவிட்டமையால் சேகரிப்பானுக்கு மிஞ்சிய வேலை சிறிதே. சில ஆண்டுகளின் பின் அவை அகற்றப்பட்டன. வீடு தனியாருக்கு விற்கப்பட்டது. பார்க்க வந்த ஆயிரக்கணக்கானோரிற் பலர் சூரியக் குழாய்களையே வியந்தனர் எனின் அது இயல்பே: குழாய் கண்ணுக்குத் தெரியும், சுவரின் உட்புறம் தெரியாது. கருவியை வழிபடும் மனப்பாங்கு பண்டத்தை வழிபடும் மனப்பாங்கின் உடன்பிறப்பு.

1982 தேர்தலிற் பிளேக்கினியின் அரசு வீழ்ந்தது. எண்ணெய் விலையும் சில ஆண்டுகளிற் சரிந்தது. காட்டர் 1979இல் வெள்ளை மாளிகைக் கூரையில் ஏற்றிய சூரியத் தகடுகள் 1986இல் றேகனின் காலத்தில் இறக்கப்பட்டமை உலகறிந்த செய்தி. ரெஜைனாவில் நடந்தது அவ்வளவு நாடகத்தன்மை வாய்ந்ததன்று. கனடிய மத்திய அரசின் ஆர்-2000 திட்டத்தில் அவ்வீட்டின் பாடங்கள் சில எடுத்தாளப்பட்டன. ஆனால் அது விரும்பியோர் பின்பற்றும் தரமாகவே நின்றது, யாவரையும் கட்டுப்படுத்தும் விதியாகவில்லை. கடல்கடந்த ஜேர்மனியில் வூல்வ்காங் பைஸ்ற் இத்தகைய முன்னோடி வீடுகளை ஆராய்ந்து, 1991இல் டாம்ஸ்ரட் நகரில் ‘செயலாவீடு’ எனத்தக்க முதல் வரிசை வீடுகளை எழுப்பினார். இரு பத்தாண்டுகளின் பின் அத்தரம் ஐரோப்பிய இறக்குமதியாகக் கனடாவுக்குத் திரும்பி வந்தது. சொந்த மண்ணின் அறிவை அயல்முத்திரை பெற்றபின் மதிக்கும் வழக்கம் எமக்கு மட்டும் உரியதன்று போலும்.

5

இதற்கிடையில் மின்தகட்டின் விலை வீழ்ந்தது. 1977இல் ஒரு வாற்றுக்கு 76 டொலர் அளவில் இருந்த சிலிக்கன் மின்கலம் இன்று ஒரு டொலரின் சிறு பகுதிக்கு விற்கப்படுகின்றது. இதனைச் சந்தையின் சாதனை என்பது வழமை. உண்மையில், 2000ஆம் ஆண்டின் ஜேர்மன் சட்டம் கூரை மின்சாரத்துக்கு நீண்டகால விலையை உறுதிசெய்தமையும், சீன அரசு உற்பத்தியிற் கொட்டிய முதலீடும் இன்றி அவ்வீழ்ச்சி இவ்வளவு விரைவாக நேர்ந்திராது. ஒன்ராறியோ மாகாணமும் 2009இல் அவ்வழியைப் பின்பற்றிச் சிறு கூரைகளின் மின்சாரத்துக்கு ஒரு கிலோவாற்று மணிக்கு 80.2 சதம் வழங்கிற்று. ரொறன்ரோவில் வாழும் எம்மவர் பலரும் அத்திட்டத்தை அறிவர். உள்ளூர் உற்பத்திப் பொருள்களைப் பயன்படுத்தவேண்டும் என்னும் அதன் நிபந்தனை, யப்பானும் ஐரோப்பிய ஒன்றியமும் தொடுத்த வழக்கில் 2013இல் உலக வர்த்தக நிறுவனத்தாற் செல்லாததாக்கப்பட்டது. சுதந்திர வர்த்தகத்துக்குச் சூரியனும் விலக்கன்று.

ரெஜைனாவின் நிலை வேறு. அங்கு மின்சாரம் அரசுக் கூட்டுத்தாபனத்தின் கையில் இருந்தது. அம்மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலும் வாயுவிலும் பிறந்தது. 2018இல் ரெஜைனா மாநகரசபை, 2050ஆம் ஆண்டளவில் நகர் முழுவதும் புதுப்பிக்கத்தக்க சக்திக்கு மாறவேண்டும் என்னும் தீர்மானத்தை நிறைவேற்றியது. கூட்டுத்தாபனம் அக்காலத்தில், வீடுகள் மின்வலைக்குக் கொடுக்கும் மின்சாரத்தை அவை வாங்கும் மின்சாரத்துக்கு ஒன்றுக்கொன்றாக ஈடுசெய்து வந்தது. ஏழு கிலோவாற்றுத் தகடுகள் உள்ள வீடு அந்த வெயிலில் ஆண்டுக்கு 9,000 கிலோவாற்று மணி அளவில் உற்பத்தி செய்யும். வெப்பமூட்டலைத் தவிர்த்த வீட்டுத் தேவையின் பெரும்பகுதிக்கு அது போதும். விண்ணப்பங்கள் குவிந்தன. நிர்ணயித்த உச்ச அளவு எட்டப்பட்டதும் 2019 செப்டெம்பரில் திட்டம் நிறுத்தப்பட்டது. நவம்பரில் மீளத் தொடங்கியபோது, வீடு கொடுக்கும் ஒரு கிலோவாற்று மணிக்கு 7.5 சதமே வரவு வைக்கப்பட்டது. வீடு வாங்குவதற்கோ ஏறக்குறைய 14 சதம்.

இதனை முற்போக்காளர் பலர் நேரடியாகவே கண்டித்தனர். நாமும் அக்கண்டனத்திற் பங்குகொள்வோம், ஆயின் ஒரு தயக்கத்தோடு. மின்வலையின் கம்பிக்கும் கம்பத்துக்கும் உரிய செலவைத் தகடுள்ள வீடுகள் செலுத்தாதொழிந்தால், அது தகடில்லாத வீடுகளின்மீது ஏறும் என்பது கூட்டுத்தாபனத்தின் வாதம். இவ்வாதத்தை வெறும் சாக்கு எனத் தள்ளிவிடல் இயலாது. கனடாவிற் குடும்பங்களில் மூன்றிலொன்று வாடகைக்கு இருப்பவை என 2021இன் குடிசனக் கணக்கெடுப்புக் காட்டுகின்றது. அவர்களுக்குத் தலைக்குமேற் கூரை உண்டு. ஆனால் அக்கூரையில் ஓர் ஆணி அறையும் உரிமையும் இல்லை. தகடு ஏற்ற வீட்டுக்காரருக்கு ஆவலில்லை, மின்கட்டணம் குடியிருப்போருடையதாதலால். ஏற்றக் குடியிருப்போருக்கு வழியில்லை. மாடிக் குடியிருப்புகளில் நிலை இன்னும் சிக்கலானது. ஆகவே ‘வீட்டுச் சூரியசக்தியின் சாத்தியம்’ என்று புள்ளிவிபரங்களில் எழுதப்படுவது, உண்மையில் கூரையை உடைமையாகக் கொண்ட வர்க்கப் பகுதியினரின் சாத்தியமே. மக்கட் கூட்டுத்தாபனம் என்பதன் பொருள் மெய்யாகவே அதுவாயின், வாடகைக் குடியிருப்புகளின் கூரைகளில் அதுவே தகடுகளை ஏற்றி, அப்பயனை அங்கு வாழ்வோரின் கட்டணத்திற் கழித்திருக்கலாம். 1949இல் இலாபம் தராத பண்ணைகளுக்குக் கம்பி இழுத்த நிறுவனம் அது. அதே நிறுவனம் எழுபது ஆண்டுகளின் பின் தன் விற்பனை வருமானத்தைக் காக்கும் வணிகராய் நின்றமைக்குக் காரணம் உடைமையின் சட்ட வடிவத்தில் இல்லை. அவ்வுடைமை எந்த நோக்கின் கீழ் நடத்தப்பட்டது என்பதில் உள்ளது. அரசுடைமையையும் சமூகவுடைமையையும் ஒன்றெனக் கொள்ளும் எம் தலைமுறையின் பழக்கத்துக்கு ரெஜைனா ஒரு மறுப்பு.

6

இறுதியாக, சேமிப்பு என்னும் பழைய விடைக்கு என்ன நேர்ந்தது என்பதையும் குறிப்பிடல் வேண்டும். பொஸ்ரனின் நீர்த்தொட்டியும் டோவரின் உப்பும் தனிவீட்டுக்குரியவை. தனிவீட்டின் தொட்டி சிறியது. சிறிய தொட்டி விரைவில் வெப்பமிழக்கும். ஐம்பது வீடுகள் ஒன்றுசேர்ந்து நிலத்தையே தொட்டியாக்கினால் கதை மாறும். சுவீடனிலும் ஜேர்மனியிலும் முயலப்பட்ட இவ்வழியை அல்பேட்டா மாகாணத்திற் கல்கரிக்குத் தெற்கேயுள்ள ஒகொடொக்ஸ் நகர் பின்பற்றியது. டிறேக் லாண்டிங் எனப்பட்ட அக்குடியிருப்பில் 52 வீடுகள். அவற்றின் வாகனக் கொட்டகைக் கூரைகளில் 800 அளவான வெப்பச் சேகரிப்பான்கள். கோடையில் அவை சூடாக்கிய நீர், நிலத்தில் ஏறத்தாழ 35 மீற்றர் ஆழத்துக்குத் துளையிட்ட 144 துளைகளினூடு சென்று மண்ணையும் பாறையையும் சூடாக்கிற்று. கோடை முடிவில் நிலத்தின் நடுப்பகுதி 80 பாகை அளவுக்கு வெப்பமேறும். குளிர்காலத்தில் அவ்வெப்பம் குழாய்வழி வீடுகளுக்குத் திரும்பும். 2007இல் இயங்கத் தொடங்கிய இவ்வமைப்பு ஆண்டுதோறும் நிலத்தை மேலும் சூடாக்கி, 2015-16 குளிர்காலத்தில் வீடுகளின் வெப்பத்தேவை முழுவதையும் சூரியனாலேயே நிறைவு செய்தது. மசாசூசெற்ஸ் பொறியியலாளர் இயலாச் செலவு எனக் கைவிட்டது, அதனினும் கொடிய குளிரில், பனிக்காலத்தின் இறுதி நாள்வரை நடந்தேறியது.

ஐந்தாம் ஆண்டளவில் 90 வீதத்தை அடைவதே திட்டத்தின் இலக்கு, அது கடக்கப்பட்டது. கனடாவில் இரண்டாவது டிறேக் லாண்டிங் கட்டப்படவில்லை. அதன் பொருள் எளியது: ஒரேயொரு முறை செய்யப்பட்ட கருவிக்கு உதிரிப்பாகம் செய்வோர் இரார். சேகரிப்பான்களும் வீடுகளின் காற்றுச் சூடாக்கிகளும் பழசாகத் தொடங்கியபோது, அவற்றுக்கு மாற்றுகள் உற்பத்தியில் இல்லை. கிடைத்தவற்றின் விலையை 52 வீடுகள் தாங்கமாட்டா. குழாயாலும் வெப்பத்தாலும் அது கூட்டுடைமை போல் இயங்கிற்று. ஆயின் அதனைப் பேணும் பொறுப்பும் செலவும் ஒரு சிறு நிறுவனத்தின் வரவுசெலவுக் கணக்கினுள் அடைக்கப்பட்டிருந்தன. அதனைச் சூழ்ந்த மாகாணமோ இயற்கை வாயு மலிந்த நிலம். 2024இல் அமைப்பை மூடும் முடிவு அறிவிக்கப்பட்டது. வீடுகள் ஒவ்வொன்றாக வாயு அடுப்புக்கு மாறத் தொடங்கின.